திறவுச்சொல்லும் ஒரு புள்ளியும்

(திங்கட் கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



“கணிப்பொறிக்கு ஆங்கிலம் ஒன்றுதான் தெரியும், தமிழை எடுத்துக்கொண்டு அங்கே போய் என்ன செய்யப் போகின்றீர்கள்?” என்று நம்மைப் பார்த்துக் கேட்பவர் பலர். கேட்பவர் அயலாராயின் நாம் பொறுத்துக்கொள்ளலாம். தமிழ்த்தாயின் மடியில் தவழ்ந்து, தமிழால் ‘அம்மா’ என்றழைத்து வளர்ந்து, இன்று நிரலெழுதும் தொழிலால் வாழ்வு பெற்றிருக்கும் நம்மவரே அவ்வாறு கேட்கின்றனர். அதுதான் நெஞ்சைச் சுடுகின்றது.

அவ்வினாவுக்கு உணர்ச்சியுரையால் நான் விடை கூற வரவில்லை. ஒரு நிகழ்ச்சியால் விடை கூற வந்துள்ளேன். அது தமிழ்நாட்டில் நிகழ்ந்ததன்று, தமிழெழுத்தால் நிகழ்ந்ததுமன்று. துருக்கி மொழியின் ஓரெழுத்தால், அவ்வெழுத்தின் தலைமேல் நிற்கும் ஒரே ஒரு புள்ளியால், உலகெங்கும் வழங்கும் மென்பொருளொன்று தடுமாறிய செய்தி அது.

முதற்கண் அம்மென்பொருள் இன்னதென்று சொல்லிவிடுகின்றேன். வங்கியிலும் மருத்துவமனையிலும் தொடர்வண்டி முன்பதிவிலும் இயங்கும் நிரல்கள் ஒவ்வொன்றும் தாம் செய்யும் வேலையைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டே செல்லும். ‘இன்னார் இத்தனை மணிக்கு உள்ளே வந்தார்’, ‘இந்தக் கோப்பைத் திறக்க இயலவில்லை’ என்றவாறு அக்குறிப்புகள் அமையும். கப்பலில் மீகாமன் எழுதி வைக்கும் நாட்குறிப்பைப் போன்றது அது. நாளை ஏதேனும் பழுது நேர்ந்தால் அக்குறிப்பேடே சான்று.

அவ்வாறு குறிப்பெழுதும் வேலையை ஒவ்வொரு நிரலரும் தாமே புதிதாகச் செய்யாமல், ஒருவர் செய்துவைத்த நிரலகத்தை அனைவரும் எடுத்தாள்கின்றனர். சாவா என்னும் நிரல்மொழிக்கு அவ்வாறு அமைந்ததே ‘இலாக்ஃபோர்சே’ என்னும் நிரலகம். சாவாவுக்கான குறிப்பேடு என்பதே அப்பெயரின் பொருள். அதன் முதற்பதிப்பு 2001-ஆம் ஆண்டு வெளிவந்தது. அப்பாச்சி மென்பொருள் அறக்கட்டளை அதனைப் பேணி வருகின்றது. முதல் தலைமுறை 2015-இல் முடித்து வைக்கப்பட்டது. 2014-இல் வெளிவந்த இரண்டாம் தலைமுறை இன்றும் வழக்கில் உள்ளது.

அக்குறிப்பேட்டில் எதனை எழுதுவது, எதனை விடுவது, எங்கே எழுதுவது என்பனவற்றை அமைவுக் கோப்பு ஒன்று சொல்லும். அக்கோப்பு ஓர் அகரமுதலியைப் போன்றது. அகரமுதலியில் இடப்பக்கம் சொல் இருக்கும். வலப்பக்கம் அதன் பொருள் இருக்கும். அமைவுக் கோப்பில் இடப்பக்கம் திறவுச்சொல் இருக்கும். வலப்பக்கம் அதற்குரிய மதிப்பு இருக்கும். நிரல் திறவுச்சொல்லைக் கொடுத்து மதிப்பைக் கேட்கும். சொல் ஒத்தால் மதிப்பு கிடைக்கும், ஒவ்வாவிடின் கிடைக்காது.

இங்கே ஒன்றை உளங்கொள்ளுங்கள். ‘பழம்’ என்னும் சொல்லைப் பளம் என்று எழுதிக்கொண்டு அகரமுதலியைப் புரட்டும் சிறுவனுக்கு அச்சொல் கிட்டாது. அருகிலிருக்கும் ஆசிரியர் சிரித்துக்கொண்டே ‘ழகரத்தைப் பார்’ என்று திருத்துவார். பொறிக்கு அந்தச் சிரிப்பும் இல்லை, திருத்தமும் இல்லை. ஓரெழுத்து மாறினும் அதற்கு அது வேறு சொல்லே. எழுத்துப் பிழையைப் பெரிதுபடுத்துகின்றோம் என்று நம்மைப் பழிப்போர் இதனை எண்ணிப் பார்க்கவேண்டும். நம்மினும் கண்டிப்பான புலவர் ஒருவர் உண்டென்றால், அவர் கணிப்பொறியே!

இனி, நிகழ்ச்சிக்கு வருகின்றேன்.

குறிப்பேட்டில் எழுதப்படும் செய்திகளுக்கு நிலைகள் உண்டு. பிழை, எச்சரிக்கை, செய்தி, பிழைதேடல் என்றவாறு அவை அமையும். அவற்றுள் ‘செய்தி’ என்னும் நிலைக்கு ஆங்கிலத்தில் ‘இன்ஃபோ’ என்று நான்கெழுத்தில் பெயரிட்டுள்ளனர். அமைவுக் கோப்பில் அதனைப் பேரெழுத்தாலும் எழுதலாம், சிற்றெழுத்தாலும் எழுதலாம். நிரலகம் அதனைப் பேரெழுத்தாக மாற்றிக்கொண்டு, பின்னரே தன் பட்டியலில் தேடும். ஆங்கிலேயன் வீட்டுக் கணிப்பொறியில் இதனால் எந்த இடரும் இல்லை. சிற்றெழுத்து ‘ஐ’ பேரெழுத்து ‘ஐ’ ஆகும், சொல் ஒத்துவிடும்.

துருக்கியர் வீட்டில் நிகழ்ந்தது வேறு. 1928-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளன்று துருக்கி நாட்டின் மன்றம் அரபு எழுத்தை விடுத்து, 29 எழுத்துகள் கொண்ட புதிய நெடுங்கணக்கைச் சட்டமாக்கியது. அந்நெடுங்கணக்கில் ‘ஐ’ போன்ற எழுத்து ஒன்றன்று, இரண்டு. ஒன்று புள்ளியுடையது, அதன் ஒலி நம் இகரத்தை ஒத்தது. மற்றொன்று புள்ளியில்லாதது, அதன் ஒலி நம் குற்றியலுகரத்தை ஒத்தது. புள்ளியுள்ள சிற்றெழுத்தின் பேரெழுத்துக்கும் தலைமேல் புள்ளி உண்டு. புள்ளியில்லாச் சிற்றெழுத்தின் பேரெழுத்துக்கும் புள்ளி இல்லை. எவ்வளவு ஒழுங்கான முறை! ஆங்கிலத்திலோ சிறியதற்குப் புள்ளி உண்டு, பெரியதற்கு இல்லை. எது முறையானது, எது முறைகெட்டது என்பதை நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.

துருக்கி மொழிக்கென அமைக்கப்பெற்ற கணிப்பொறியில் ‘இன்ஃபோ’ என்று சிற்றெழுத்தால் எழுதப்பட்டது. நிரலகம் அதனைப் பேரெழுத்தாக்கும்படி பொறியைக் கேட்டது. பொறி துருக்கி முறைப்படி, புள்ளியுள்ள பேரெழுத்தைத் தந்தது. ஒருங்குறியில் அதன் எண் 304. ஆங்கிலப் பேரெழுத்தின் எண் 73. நிரலகம் 304-ஐக் கொண்டுபோய்த் தன் பட்டியலில் தேடியது. பட்டியலில் இருப்பதோ 73. சொல் ஒக்கவில்லை! தேடிய சொல் கிட்டாதபோது மாற்றாகக் கொள்ளவேண்டியது ‘பிழைதேடல்’ நிலை என்று வகுத்திருந்தனர். அந்நிலையில் குறிப்பேடு வேண்டிய அளவினும் மிகுதியாக எழுதித் தள்ளும். நிரலர் கேட்டது ஒன்று, கிடைத்தது வேறொன்று. ஏன் என்று சொல்வாரும் இல்லை.

இது பிழையறிக்கையாகப் பதியப்பெற்றது. அதன் எண் 40937. திருத்தினார்கள். எவ்வாறு திருத்தினார்கள்? பட்டியலின் கடைசியில் ஒரு வரி சேர்த்தார்கள். ‘புள்ளியிட்ட பேரெழுத்தால் தொடங்கும் இச்சொல் வரினும் அதனைச் செய்தி நிலையாகவே கொள்க’ என்பது அவ்வரியின் பொருள். அதற்கு மேலே, இது துருக்கி எழுத்துச் சிக்கலுக்காக என்று ஒரு குறிப்பும் எழுதி வைத்தார்கள். வீடு கட்டி முடித்தபின் கொல்லைப்புறத்தில் சேர்த்த ஒட்டுத்திண்ணைபோல அவ்வரி அங்கே நிற்கின்றது.

அன்பர்களே! யார் இங்கே தவறியவர்? பொறியா? இல்லை. பொறி துருக்கியைத் துருக்கியாகவே அறிந்திருந்தது. துருக்கியர் தவறினரா? அவர்கள் தம் எழுத்தைத் தம் முறைப்படியே எழுதினர். ஆங்கில எழுத்துமுறையே உலக எழுத்துமுறை என்று சொல்லாமலே கொண்ட நிரலின் எண்ணமே தவறியது! “கணிப்பொறிக்கு ஆங்கிலம் ஒன்றுதான் தெரியும்” என்று கூறும் நம்மவர் இந்த ஒரு நிகழ்ச்சியைக் கண் திறந்து பார்க்கட்டும். கணிப்பொறிக்கு ஆங்கிலம் தெரியாது. அதற்குத் தெரிந்தவை எண்களே. எந்த மொழியின் முறையைக் கற்றுக்கொடுக்கின்றோமோ அந்த மொழியின் முறையில் அது நிற்கும்.

முறையான மருந்து எது என்பதும் பின்னர் அனைவர்க்கும் விளங்கியது. திறவுச்சொல்லை எழுத்து மாற்றும்போது, எந்த நாட்டு மொழியையும் சாராத ‘வேர்’ முறையைக் கொள்ளவேண்டும் என்று சாவா மொழியின் விளக்கநூலே கூறுகின்றது. அவ்விளக்கத்தில் எடுத்துக்காட்டாக நிற்பதும் துருக்கியின் புள்ளியில்லா எழுத்துத்தான். தம் எழுத்தை விட்டுக்கொடாமல் நின்றமையால், அம்மக்கள் உலக நிரலர்க்கெல்லாம் ஆசிரியராயினர்!

அவர்கள் வரலாறு நம் வரலாற்றோடு ஒருபுறம் ஒத்தது. 1916-ஆம் ஆண்டு மறைமலையடிகளார் இங்கே தனித்தமிழ்க் கொடியை உயர்த்தினார். 1932-ஆம் ஆண்டு அங்கே துருக்கி மொழிக் கழகம் தோன்றி, அரபுச் சொற்களையும் பாரசீகச் சொற்களையும் களைந்து, தம் வேர்ச்சொற்களால் புதுச்சொல் படைக்கும் வேலையில் இறங்கியது. கணிப்பொறிக்கு அவர்கள் இன்று வழங்கும் பெயர் ‘பில்கிசயார்’. ‘பில்கி’ என்பது அறிவு. ‘சயார்’ என்பது எண்ணுவது. அறிவெண்ணி என்று சொல்லலாம். அயற்சொல்லைக் கடன் வாங்காமல் தம் சொல்லால் பொறியை அழைக்கும் மக்கள், தம் எழுத்தால் அப்பொறியை ஆளவும் உரிமை கேட்டனர். இரண்டும் ஒரே வேட்கையின் இரு கிளைகள்.

இனி, இதே எழுத்து இரண்டாம் முறை வந்த கதையைக் கேளுங்கள்.

இலாக்ஃபோர்சேயின் இரண்டாம் தலைமுறையில், மதிப்பைத் தேடியெடுக்கும் வழிகள் பெருகின. பணக்குறியும் வளைந்த அடைப்பும் இட்டு, உள்ளே ஒரு முன்னொட்டும் திறவுச்சொல்லும் எழுதினால் போதும்; பொறியின் சூழலிலிருந்தோ, நாட்காட்டியிலிருந்தோ, பிற இடங்களிலிருந்தோ அதற்குரிய மதிப்பு வந்து நிற்கும். 2013-இல் அவ்வழிகளோடு மற்றொரு வழியும் சேர்ந்தது. பெயரைச் சொல்லித் தொலைவிலுள்ள வழங்கியிடமிருந்தே பொருளைப் பெறும் வழி அது. அதன் முன்னொட்டு சே, என், டி, ஐ என்னும் நான்கெழுத்து.

அமைவுக் கோப்பு வீட்டுக்காரர் எழுதுவது. அதில் இவ்வழிகள் இருப்பதில் பெரிய இடர் இல்லை. ஆனால் குறிப்பேட்டில் எழுதவேண்டிய செய்திக்குள்ளும் அவ்வடைப்பு இருந்தால், அதனையும் நிரலகம் தேடி நிரப்பியது. செய்தியோ வழிப்போக்கன் எழுதுவது! உள்ளே நுழைவோன் தன் பெயரென்று எதனை எழுதினாலும் குறிப்பேட்டில் ஏறும். ‘இன்ன இடத்திற்குச் சென்று இன்னதை எடுத்து வா’ என்று அவன் பெயருக்கு மாற்றாக எழுதினால், நிரலகம் சென்று எடுத்து வந்தது. எடுத்து வந்தது நச்சு நிரலாயின் அதனையும் இயக்கியது. வாயிற்காவலன் வருகைப் பதிவேட்டில் பெயரெழுதச் சொன்னான். வந்தவன் கட்டளை எழுதினான். காவலன் அதனை நிறைவேற்றினான்!

2021 நவம்பர் 24-ஆம் நாள் அலிபாபா நிறுவனத்தின் முகில் பாதுகாப்புக் குழுவினர் இதனைக் கண்டு அறக்கட்டளைக்கு அறிவித்தனர். திசம்பர் 9-ஆம் நாள் செய்தி உலகெங்கும் வெளிப்பட்டது. மைன்கிராஃப்ட் என்னும் விளையாட்டின் உரையாடற் பெட்டியில் எழுதிய ஒரு வரியே வழங்கியைக் கவிழ்க்கப் போதுமானதாயிற்று. இடரின் கடுமையைப் பத்துக்குப் பத்து என்று மதிப்பிட்டனர். 2.15.0, 2.16.0, 2.17.0, 2.17.1 என அந்த ஒரு திங்களிலேயே நான்கு திருத்தப் பதிப்புகள் வந்தன. இரண்டாம் திருத்தத்தில், செய்திக்குள் தேடும் வழக்கமே நீக்கப்பட்டது.

திருத்தம் செய்துகொள்ளும்வரை பலர் வாயிலில் காவல் வைத்தனர். வரும் செய்தியில் அந்த நான்கெழுத்தும் இருந்தால் தடுத்துவிடுவது காவலின் வேலை. கள்வர் என்ன செய்தனர் தெரியுமா? நான்காம் எழுத்தாகிய ‘ஐ’ இருக்கவேண்டிய இடத்தில் துருக்கியின் புள்ளியில்லாச் சிற்றெழுத்தை வைத்தனர். அதனைப் பேரெழுத்தாக்கும்படி நிரலகத்துக்கே ஒரு கட்டளையும் உடன் எழுதினர். காவல் பார்த்தது, நான்கெழுத்து அங்கே இல்லை, உள்ளே விட்டது. உள்ளே சென்றதும் புள்ளியில்லாச் சிற்றெழுத்து, புள்ளியில்லாப் பேரெழுத்தாயிற்று. அதுவோ ஆங்கிலப் பேரெழுத்துக்கும் ஒன்றே! பின்னர் நிரலகம் ஆங்கில முறைப்படி அதனைச் சிற்றெழுத்தாக்கியது. புள்ளி வந்து அமர்ந்தது; நான்கெழுத்தும் நிறைந்தது; கதவு திறந்தது.

முன்பு துருக்கி எழுத்தை அறியாமையால் வீட்டுக்காரர் கேட்ட சொல் கிட்டாமற் போயிற்று. இப்போது அதே எழுத்தை அறியாமையால் கள்வன் சொல் உள்ளே புகுந்தது. இரண்டு முறையும் தவறு எழுத்தினுடையதன்று, எழுத்தை அறியாதாருடையது. பிறர் மொழியெழுத்தை மதித்துக் கற்காதவர், தம் வீட்டையும் காக்கமாட்டார் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

புள்ளியின் அருமை நமக்குப் புதிதன்று. மெய்யெழுத்துக்குப் புள்ளி வேண்டுமென்று தொல்காப்பியர் வகுத்து வைத்தார். ‘பல்’ என்பதில் புள்ளி நீங்கினால் ‘பல’ ஆகின்றது. ‘மண்’ என்பதில் புள்ளி நீங்கினால் ‘மண’ ஆகின்றது. அத்தகைய மரபில் வந்த நாம் இந்நிகழ்ச்சியைக் கேட்டுவிட்டுக் கைதட்டிக் கலைந்து போகலாமா? நம் வீட்டையும் சற்றுப் பார்க்கவேண்டாமா?

தமிழுக்குப் பேரெழுத்து, சிற்றெழுத்து என்னும் பிரிவு இல்லை. ஆகவே துருக்கிக்கு வந்த இடர் நமக்கு வாராது. இந்நிரலகத்தின் இரண்டாம் தலைமுறையில் புதிய நிலைப்பெயர்களைச் சேர்த்துக்கொள்ளலாம். எச்சரிக்கைக்கு எண் 300. செய்திக்கு எண் 400. இடையே 350 என்னும் எண்ணில் ‘அறிவிப்பு’ என்று தமிழிலேயே ஒரு நிலையை அமைக்கலாம். அதனைப் பேரெழுத்தாக்கச் சொன்னாலும், சிற்றெழுத்தாக்கச் சொன்னாலும் அது ‘அறிவிப்பு’ என்றே நிற்கும்.

ஆயினும் நமக்கே உரிய இடர்கள் உள. ‘கோப்பு’ என்று ஒரு திறவுச்சொல் வைக்கின்றோம். அதன் முதலெழுத்தைக் கணிப்பொறியில் இரண்டு வகையாக எழுத இயலும். ககரத்தை அடுத்து ஓகாரக் குறியை ஒன்றாக இட்டால் எண்கள் 2965, 3019. இரட்டைக் கொம்பையும் காலையும் தனித்தனியே இட்டால் எண்கள் 2965, 3015, 3006. திரையில் இரண்டும் ஒன்றே, நம் கண்ணுக்கு ஒன்றே, பொறிக்கோ வெவ்வேறு. அமைவுக் கோப்பில் ஒருவகையாகவும் நிரலில் மற்றொரு வகையாகவும் எழுதிவிட்டால், ‘கோப்பு’ இருந்தும் கிட்டாது. ஒருங்குறியில் இவ்விரண்டையும் ஒன்றாக்கும் ஒழுங்கு வகுக்கப்பெற்றுள்ளது; சாவாவில் அதற்கான கருவியும் 2006-ஆம் ஆண்டு முதல் உண்டு. எடுத்தாளவேண்டியவர் நாம்தான்.

ஔகாரத்தைக் கேட்கவே வேண்டா. ஔகாரக் குறியின் வலப்பகுதிக்கு மாற்றாக ளகரத்தையே தட்டிவிடுவோர் எத்தனை பேர்! அதனை எந்தக் கருவியும் தானே திருத்தாது. தமிழெண் ௧ ககரத்தைப் போன்றது; ௭ எகரத்தைப் போன்றது; ௨ உகரத்தைப் போன்றது. துருக்கியெழுத்தால் காவலை ஏய்த்த கள்வன், நாளை தமிழெண்ணால் நம்மை ஏய்க்கமாட்டான் என்பதற்கு என்ன உறுதி?

மற்றொன்று. சாவா மொழியில் திறவுச்சொல்லும் மதிப்பும் எழுதும் எளிய கோப்புகள், நெடுங்காலம் மேலை ஐரோப்பிய எழுத்துகளுக்கென அமைந்த குறிமுறையிலேயே படிக்கப்பெற்றன. தமிழை எழுதவேண்டின் எழுத்தெழுத்தாக எண்ணாக்கி எழுதவேண்டும். மொழிபெயர்ப்புத் தொகுப்புகளுக்கான அக்கோப்புகள் ஒருங்குறியிற் படிக்கப்படலானது 2017-இல் வந்த ஒன்பதாம் பதிப்பில்தான். தமிழ் ஒருங்குறியில் இடம்பெற்றதோ 1991-இல்! இடையில் கழிந்தன இருபத்தாறு ஆண்டுகள். கேட்பார் குரல் ஓங்காத மொழிக்குக் கதவு மெல்லத்தான் திறக்கும்.

ஆகவே, நிரலெழுதும் இளைஞர்களே! உங்களிடம் மூன்று வேண்டுகோள் வைக்கின்றேன்.

முதலாவது: உங்கள் கையாலெழுதும் அமைவுக் கோப்புகளில், உங்கள் ஆட்சியிலுள்ள திறவுச்சொற்களுக்கேனும் நல்ல தமிழ்ப்பெயர் வையுங்கள். ஆங்கிலச் சொல்லைத் தமிழெழுத்தில் பெயர்த்தெழுதிவிட்டுத் தமிழ்த்தொண்டு செய்ததாக எண்ணாதீர்கள். ‘பைல்’ என்று எழுதுவதினும் ‘கோப்பு’ என்று எழுதுவதே நமக்குச் சிறப்பு.

இரண்டாவது: தேடுமுன் எழுத்தை ஒருமைப்படுத்துங்கள். தமிழ்ப்பற்று மட்டும் திறவுச்சொல்லைக் கண்டெடுத்துத் தந்துவிடாது. எழுத்தில் ஒழுங்கு வேண்டும். ஒழுங்கில்லாமல் எழுதிவிட்டு, ‘தமிழில் எழுதினேன், பொறி ஏற்கவில்லை’ என்று கைவிரித்தால், நம்மைப் பழிப்போர்க்கு நாமே சான்று தந்தவராவோம்.

மூன்றாவது: அயலான் தந்த சொல்லை ஆராயாமல் ஏற்காதீர்கள். வந்த செய்திக்குள் இருந்த கட்டளையை ஆராயாமல் நிறைவேற்றியதால் அந்நிரலகம் பட்ட பாட்டைக் கண்டோம். நாம் நூற்றாண்டுகளாக அதே தவற்றை மொழியிற் செய்துவிட்டோம். வந்த சொல்லையெல்லாம் உள்ளே விட்டோம். அவை நம் சொற்களை வெளியே தள்ளின. நிரலகத்தார் ஒரே திங்களில் நான்கு முறை திருத்திக்கொண்டனர். நாம் எப்போது திருந்தப் போகின்றோம்?

துருக்கியர் தம் எழுத்தின் ஒரு புள்ளியை விட்டுக்கொடுக்கவில்லை. உலகம் தன் நிரலைத் திருத்திக்கொண்டது. நாம் 247 எழுத்துகளுக்கு உரியவர்கள். நம் எழுத்தை நாம் செவ்வையாக எழுதி, நம் சொல்லை நாம் துணிந்து வைத்தால், பொறி நம்மைத் தடுக்காது. தடுப்பது நம் நெஞ்சின் அடிமைத்தனம் ஒன்றே. அக்கதவுக்கான திறவுச்சொல் நம்மிடமே உள்ளது. அதுவே தமிழ்!

வாழ்க தமிழ்! வெல்க தமிழ்!